முருங்கை மரத்தில் என் செருப்பு

என் நாத்தனாருக்குச் சித்திரை என்றால் கோடை. அதில் மாற்றமே கிடையாது. அவள் கப்பலேறி வந்து இறங்கிய இந்தச் சீமையில் சித்திரை பிறந்தால் தினமும் மத்தியானம் மூன்று மணிக்கு இடி இடித்து மழை ஊற்றும். அதைத் தலை நனைய நனையப் பார்த்தும் அவள் நம்பமாட்டாள். "இது கோடை மழை புள்ள, ரெண்டு நாள்ல நின்னுரும்" என்பாள். வந்து இரண்டு சித்திரை ஆகியும் நின்றபாடில்லை. ஆனாலும் கோடையாயிற்றே என்று கத்தரிக் கன்றுகளுக்குக் காலையில் ஒரு நடை, பொழுது சாய ஒரு நடை தண்ணீர் ஊற்றச் சொல்வாள். ஊற்ற வேண்டியவள் நான்.

ரப்பருக்குக் கிராக்கி ஏறிக்கொண்டிருந்த இருபதுகளின் நடுவருஷங்கள் அவை. ஈப்போவுக்கு வெளியே ஒரு தோட்டத்தில் நாங்கள் மூன்று பேர், கூலியாட்களின் வரிசை வீடுகளான லயத்தில், கடைசி வீட்டில் இருந்தோம். எனக்குப் பால்வெட்டு. விடியும் முன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு எனக்கு ஒதுக்கிய மர நிரைக்குப் போவேன். மரங்களைக் கீறி, பாலை எடுத்துக் கொட்டிவிட்டுத் திரும்ப மத்தியானம் ஆகிவிடும். என் வீட்டுக்காரருக்கு ஸ்டோரில் வேலை. பாலை உறையவைத்துத் தகடாக அழுத்திப் புகை போடும் இடம் அது. குளித்து வந்தாலும் அவர் மேல் அந்தப் புளித்த வாடை போகாது. நாத்தனார் அவருக்கு மூத்தவள், தாலியறுத்தவள். ஊரில் பார்க்க ஆளில்லை என்று அவர்தான் வரவழைத்தார். புல்வெட்டில் பெயர் கொடுத்திருந்தாள். ஆனால் உண்மையான வேலை அவளுக்கு எங்கள் வீட்டுக் கொல்லையில்தான். அவள் வரும்வரை அந்தக் கொல்லை என்னுடையது. வந்த மறுநாளே அதற்கு அவள் சட்டாம்பிள்ளை ஆகிவிட்டாள்.

முந்தானையில் விதை முடிந்துகொண்டு வந்திருந்தாள். வெங்காயம், கொத்தவரை, இன்னும் என்னென்னவோ. ஊரில் எந்த மாதம் எதைப் போடுவார்களோ அந்த மாதம் அதைத்தான் போட வேண்டும். வெங்காயத்தைப் போடச் சொன்னாள், போட்டேன். மழை பாத்தியையே கரைத்துக்கொண்டு போயிற்று. மிஞ்சியது மண்ணுக்குள்ளேயே அழுகிக் கிடந்தது. அடுத்த முறை பாத்தியை உயர்த்திப் போடலாம் என்றேன். "நீ எனக்கு வெள்ளாமை சொல்லித் தாரியா?" என்று கேட்டாள். நான் ஏன் வாயைத் திறக்கிறேன்? மறுபடியும் தாழ்வாகவே போட்டோம், மறுபடியும் அழுகிற்று. அதற்கு அவள் கண்டுபிடித்த காரணம் மழை இல்லை. விதை போட்ட கை சரியில்லையாம்.

எது கெட்டாலும் இதுதான் கதை. புடலங்காய்ப் பந்தலுக்கு அவள் காட்டிய இடத்தில் கால் நட்டேன். ஈர மண்ணில் கால் சாய்ந்து, கல் கட்டித் தொங்கிய பிஞ்சுகளோடு பந்தல் முழுக்கத் தரையில் உட்கார்ந்தது. என் கை. கத்தரிச் செடி பூவும் பிஞ்சுமாக நின்றது, ஒரு நாள் காலையில் பார்த்தால் இலையெல்லாம் துவண்டு, வெந்நீர் ஊற்றினது போலத் தொங்கிற்று. என் நிழல். அவரைக் கொடியில் அசுவினி அப்பிக் கிடந்தது, சாம்பல் தூவினேன், தூவின சாம்பலை மூன்று மணி மழை கழுவிற்று. அதுவும் நான். லாலான் புல் என்கிற களை மட்டும் நன்றாக வளர்ந்தது. அதற்கு மட்டும் என் கை ராசி உண்டு என்று ஒரு நாள் சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். லயமே கேட்கிற மாதிரிச் சிரிப்பு.

மாதத்தில் மூன்று நாள் நான் கொல்லைப் பக்கம் கால் வைக்கக் கூடாது. செடி பட்டுப்போகுமாம். அந்த மூன்று நாளும் வாசலில் நின்றுகொண்டு, "ஏ புள்ள, நீ இன்னைக்கிக் கொல்லைக்கிப் போவாதடி!" என்று ஊருக்கெல்லாம் கேட்கக் கத்துவாள். மெதுவாகச் சொன்னால் செடிக்குக் கேட்காதோ என்னவோ. அவள் கத்தியதும் பக்கத்து வீட்டுப் பெண்கள் என்னைப் பார்ப்பார்கள். இந்த மாதமும் இல்லை என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். அதற்காகத்தான் கத்துகிறாள் என்பது எனக்கும் தெரியும்.

எனக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம் ஆகியிருந்தது. இரண்டு முறை தங்கிற்று, இரண்டு முறையும் நிற்கவில்லை. இதைச் சொல்ல எனக்கு இப்போது ஒன்றும் வெட்கமில்லை. அப்போதும் வெட்கமில்லை, துக்கம்தான் இருந்தது. நாத்தனாருக்கு அதெல்லாம் கணக்கில்லை. தோட்டத்து வாத்தியாரிடம் போய் உட்கார்ந்து, தம்பிக்கு ஊரில் ஒரு பெண் பார்க்கச் சொல்லி அண்ணன் முறை உறவுக்காரருக்குக் கடிதம் எழுதச் சொன்னாள். வாத்தியாருக்குக் காது மந்தம். எழுதினதையெல்லாம் உரக்கப் படித்துக் காட்டினார். கடிதம் தபாலுக்குப் போகும் முன் லயத்துக்கு வந்துவிட்டது.

அன்று நான் என் வீட்டுக்காரரைக் கேட்டேன். "என்னங்க, உங்கக்கா பொண்ணு பாக்கச் சொல்லிக் கடுதாசி போட்டிருக்காங்களாமே?"

"போட்டிருக்கும்போல."

"நீங்க என்ன சொல்றீங்க?"

"பாக்கலாம்லா" என்றார்.

பாக்கலாம்! அடேயப்பா, இந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டே அந்த மனிதர் வாழ்நாளை ஓட்டினார். கங்காணி கேட்டாலும் பாக்கலாம், கூரை ஒழுகினாலும் பாக்கலாம். அக்கா எதிரில் நின்றால் பூம்பூம் மாட்டுக்குத் தோற்காமல் தலையாட்டுவார். கெட்டவர் இல்லை. கை நீட்டியதில்லை, கள் குடித்துவிட்டு வந்து விழுந்ததில்லை. இந்த நல்லவர் வாயிலிருந்து 'வேண்டாம்' என்று ஒரே ஒரு வார்த்தை வர வேண்டும் என்று நான் காத்திருந்தேன். அது வந்தால் நாத்தனார் ஆயிரம் பேசட்டும், ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிடுவேன் என்று நினைத்திருந்தேன்.

முருங்கைக்கு வருகிறேன். பாகான் செராயில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போனபோது என் வீட்டுக்காரர் ஒரு போத்து வெட்டிக்கொண்டு வந்தார். கொல்லையின் நடையோரத்தில் நட்டார். மூன்று வருஷத்தில் லயத்துக் கூரையைத் தாண்டிவிட்டது. கீரைக்குப் பஞ்சமில்லை. பூவும் பூக்கும், மரமே வெள்ளையாகிவிடும். பூத்த நாலாம் நாள் மழை வரும், பூவெல்லாம் தரையில் கிடக்கும். ஒரு காய் நின்றதில்லை.

"பூக்குது, நிக்கமாட்டேங்குது" என்பாள் நாத்தனார். மரத்தைப் பார்த்துக்கொண்டுதான் சொல்வாள். பிறகு என்னைப் பார்ப்பாள்.

பக்கத்து வீட்டில் ஒரு வேதக்கார அக்கா இருந்தாள். இங்கேயே பிறந்து வளர்ந்தவள், லயத்தில் புத்தியோடு பேசுகிற ஓர் ஆள். அவள் ஒரு நாள் வேலிக்கு அந்தப்பக்கம் நின்று, "மரத்துக்கு என்னா தெரியும்லா? மழை பேஞ்சா பூ கொட்டும். நாலு வாரம் காஞ்சா காய் வச்சுரும். அம்புட்டுத்தான்" என்றாள். நாத்தனாருக்கு அது பிடிக்கவில்லை. சாமி கும்பிடத் தெரியாதவளுக்கு மரத்தைப் பற்றி என்ன தெரியும் என்று என்னிடம் வந்து முணுமுணுத்தாள்.

வேலையில்லாத ஒரு நாள் காலை. நான் துணி துவைக்கக் குளிக்கும் தொட்டிக்குப் போகப் புறப்பட்டேன். கதவோரம் விட்டிருந்த என் கட்டைச் செருப்பில் ஒன்றைக் காணோம். தேடிப் பார்த்துவிட்டு வெறுங்காலோடு போனேன். துவைத்துப் பிழிந்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தால் கொல்லையில் கூட்டம். லயத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேர் முருங்கையைச் சுற்றி நிற்கிறார்கள். நாத்தனார் தலைக்குக் குளித்துவிட்டு, ஈரக்கூந்தலை முடிந்துகொண்டு மரத்தைத் திட்டிக்கொண்டிருக்கிறாள்.

"வெக்கங்கெட்ட மரமே! மூணு வருசமா எருவத் திங்கிறியே, ஒரு காய் வச்சியா? உன்னைய வச்சு யாருக்கு என்ன பிரயோசனம்? நிழலுக்கா வளத்தோம் உன்னைய?"

காய்க்காத மரத்துக்கு விளக்குமாறும் செருப்பும் கட்டி, நாலு பேர் எதிரில் திட்டுவது எங்கள் ஆட்களின் வழக்கம். மரத்துக்கு ரோஷம் வந்து அடுத்த பூவுக்குக் காய்த்துவிடுமாம். நானும் ஊரில் பார்த்திருக்கிறேன், சிரித்துமிருக்கிறேன். இங்கே தாழ்ந்த கிளையில் தென்னங்கயிறு கட்டி, அதில் ஒரு தேய்ந்த விளக்குமாறு தொங்கிற்று. அதன் பக்கத்தில் தொங்கியது என் கட்டைச் செருப்பு.

"அண்ணி, அது என்னோட செருப்பு" என்றேன்.

"பழசுதான புள்ள? மரத்துக்குக் கட்ட புதுசா வாங்குவாங்க?"

"உங்களோடத கட்டலாமே. எதுக்கு என்னோடத எடுத்தீங்க?"

"யாரோடதுன்னு மரத்துக்குத் தெரியவா போவுது?" என்றாள்.

மரத்துக்குத் தெரியாதுதான். சுற்றி நின்ற எல்லோருக்கும் தெரிந்தது. ஒருத்தி வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள். சிரித்தாளா, பாவம் என்று நினைத்தாளா, எனக்குத் தெரியாது. இரண்டும் எனக்கு ஒன்றுதான்.

அந்தச் செருப்பு எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். இரண்டாம் முறை எனக்கு நாலு மாதமாக இருந்தபோது குளிக்கும் தொட்டிப் பாசியில் வழுக்கி விழுந்தேன். அதோடு போயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து நான் படுத்துக் கிடந்தபோது, என் வீட்டுக்காரர் ஈப்போவுக்கு நடந்துபோய்ச் சீனன் கடையில் ஒரு ஜோடி கட்டைச் செருப்பு வாங்கி வந்தார். வழுக்காமலிருக்க அடியில் ரப்பர்த் துண்டை அவரே ஆணி வைத்து அடித்தார். பாயின் பக்கத்தில் வைத்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொண்டார். அந்த ஆறு வருஷத்தில் அந்த மனிதர் எனக்காகத் தானாக யோசித்துச் செய்த ஒரே காரியம் அது. நாத்தனார் அப்போது இங்கே வந்துவிட்டாள். செருப்பு எதற்கு வந்தது என்று அவளுக்கு நன்றாகவே தெரியும்.

ஸ்டோரில் அன்றைக்கும் புகை போட வேண்டியிருந்ததால் மத்தியானம்தான் அவர் வந்தார். கிளை அவர் நெற்றி உயரத்தில் இருந்தது. குளிக்கப் போகிற அவசரத்தில் பார்க்காமல் வந்து செருப்பில் இடித்துக்கொண்டார். நான் அடுப்படிக் கதவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தார். அடியில் அவர் அடித்த ஆணிகள் அவர் கண்ணுக்கு நேராக இருந்தன. கையைத் தூக்கினார். இதோ, பிடுங்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் செருப்பைப் பிடித்து, அது ஆடாமல் நிறுத்தினார். குனிந்து அந்தப் பக்கம் போனார்.

சோறு போடும்போது கேட்டேன். "மரத்துல பாத்தீங்களா?"

"ம். அக்கா ஏதோ சாங்கியம் செய்யுது. காய்ச்சா நல்லதுதான?"

"அது நீங்க வாங்கிக் குடுத்த செருப்பு."

"வேற வாங்கிக்கலாம்லா" என்றார்.

நான் போய் ஒரு இழுப்பு இழுத்தால் கயிறு அறுந்துவிடும். வேதக்கார அக்கா பாராங் கத்தியை எடுத்துக்கொண்டே வந்துவிட்டாள், "நீ சும்மா இரு, நான் அறுத்துப் போடுறேன், யாரு கேக்குறாங்க பாத்துருவோம்" என்று. வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். வாங்கிக் கொடுத்தவர் அவிழ்க்கட்டும் என்று இருந்துவிட்டேன். அதை அவிழ்த்துவிட்டால் அந்தக் கடிதத்துக்கும் பதில் சொன்ன மாதிரி. அவர் வாயால் சொல்ல வேண்டாம், கையால் சொன்னால் போதும். இப்படி ஒரு பைத்தியக்காரக் கணக்கு எனக்கு. திமிர் என்றும் சொல்லலாம்.

ஒரு நாள் போயிற்று, ஒரு வாரம் போயிற்று. வைகாசி பிறந்தது. கொல்லை வேலை என்னவோ நடந்துகொண்டுதான் இருந்தது. பன்றி நுழையாமலிருக்க அவர் வேலி கட்டினார். விழுந்த பந்தலை எழுப்பினார். அவரைக் கொடி முருங்கையில் ஏறட்டும் என்று கயிறு இழுத்துக் கட்டினார். அந்தக் கயிறு செருப்பில் உரசிற்று, கயிற்றை ஒரு சாண் தள்ளிக் கட்டினார். இதையெல்லாம் நான் கத்தரிப் பாத்தியில் களை பிடுங்கிக்கொண்டே பார்த்தேன். போகும்போது குனிவார், வரும்போது குனிவார். கொஞ்ச நாளில் அது பழகிவிட்டது. பார்க்காமலே சரியான இடத்தில் தலை குனிந்துவிடும். நான் ஒற்றைச் செருப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது? தொட்டிக்கு வெறுங்காலோடு, சுவரைப் பிடித்துக்கொண்டு போய்வந்தேன். அதையும் அவர் பார்த்தார்.

ஆனியில் வானம் வெளுத்தது. இந்த ஊரிலும் அப்படிச் சில வாரம் காயும். மூன்று மணி மழை வரவில்லை. பூத்த பூ கிளையிலேயே நின்றது. ஒரு நாள் காலையில் நாத்தனார் போட்ட கூச்சலில் லயமே ஓடிவந்தது. பென்சில் கனத்தில் மூன்று காய் தொங்கின.

"பாத்தியா! பாத்தியா! எப்புடி ரோசம் வந்துச்சு பாத்தியா?" என்று குதித்தாள். கண்டவர்களையெல்லாம் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினாள். வேதக்கார அக்கா வேலிக்கு அப்பால் நின்று, "வெயிலுக்கு ரோசம் வந்துருச்சுலா" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. கண்ணெதிரில் காய் தொங்கும்போது வெயிலையும் மழையையும் யார் யோசிக்கப்போகிறார்கள்? தூ, என்ன சனம் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

காய் முற்றியதும் சாம்பார் வைத்தாள். அன்றைக்கு என்னை அடுப்பண்டை விடவில்லை. தம்பிக்கு இரண்டு காய்த் துண்டுகள் அதிகமாகவே போட்டாள். அவர் ரசித்துச் சாப்பிட்டார். சதையை உறிஞ்சிவிட்டுச் சக்கையை இலையோரத்தில் அடுக்கி வைத்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். வேண்டுமென்றே புண்படுத்துகிற ஆளில்லை அவர். அக்காவுக்குச் சந்தோஷம், வீட்டில் சண்டையில்லை, சாம்பார் நன்றாயிருக்கிறது. அந்த நிம்மதியில் சிரித்தார்.

"மரத்துக்கே ரோசம் வந்துருச்சு பாரு, புள்ள" என்றார்.

நாத்தனாருக்குச் சொல்ல வேண்டியதெல்லாம் அவரே சொல்லிவிட்டார். நான் எழுந்து கை கழுவினேன்.

மறுநாள் காலை பெரட்டுக்குப் போகவில்லை. இரண்டு புடவையையும் பால்வெட்டுக் கத்தியையும் மூட்டையாகக் கட்டிக்கொண்டேன். சிலிபினுக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் வேதக்கார அக்காவின் தங்கை இருந்தாள். பால்வெட்டத் தெரிந்த கைக்கு அப்போது எந்தத் தோட்டத்திலும் வேலை உண்டு. ரப்பர் விலை ஏறிக்கொண்டிருந்த சமயத்தில் பெயர் பதியும் கிராணிமார், புருஷன் எங்கே என்றெல்லாம் ரொம்பக் கேட்கவில்லை. போன அன்றே எனக்கு நிரை கொடுத்துவிட்டார்கள். லயத்தில் ஒரு பாதி வீடும் கிடைத்தது. அதன் பின்னால் கைப்பிடி அகலத்துக்கு ஒரு கொல்லை. முதல் வேலையாகப் பாத்தியை முழங்கால் உயரத்துக்குத் தூக்கி, வெங்காயத்தையும் மிளகாயையும் நட்டேன்.

அவர் வருவாரா என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? தினமும் பார்த்தேன். வழியில் யார் வந்தாலும் நிமிர்ந்து பார்த்தேன். ஒரு வெற்று மனிதருக்காக இப்படிக் காத்துக் கிடக்கிறோமே என்று என் மேலேயே எனக்கு வெறுப்பாக இருந்தது. அப்படியும் பார்த்தேன்.

இருபது நாள் கழித்து ஒரு மத்தியானம் வந்தார். வெயிலில் நடந்து வந்திருந்தார், சட்டை நனைந்திருந்தது. கையில் துணியில் சுற்றிய ஏதோ ஒன்று. வாசலில் நின்று அதைப் பிரித்தார். என் கட்டைச் செருப்பு. மழையிலும் வெயிலிலும் தொங்கிக் கறுத்துப்போயிருந்தது.

"அவுத்துட்டேன்" என்றார். "வா, போலாம்."

என் கண் நிறைந்துவிட்டது. இப்போது நினைத்தாலும் அந்த ஒரு நிமிஷத்துக்காக எனக்கு என் மேல் கோபம் வருகிறது. இத்தனை நாள் கழித்தாவது கையைத் தூக்கினாரே, அக்காவை எதிர்த்து ஒரு கயிற்றையாவது அவிழ்த்தாரே என்று நினைத்தேன். நெஞ்சு இளகி, மூட்டையைக்கூட மனதுக்குள் கட்டத் தொடங்கிவிட்டேன்.

"உங்கக்கா ஒண்ணும் சொல்லலியா?" என்று கேட்டேன்.

"அக்காதான் அவுக்கச் சொல்லிச்சு" என்றார். "காய்ச்சிருச்சுல்ல, இனிமே மரத்துக்கு அது வேணாமாம்."

அவர் முகத்தைப் பார்த்தேன். தான் என்ன சொன்னோம் என்று அந்த மனிதருக்குத் தெரியவே இல்லை. பசியோடிருந்தார், அடுப்புப் பக்கம் கண் போயிற்று.

"சாப்பிட்டுட்டுப் போங்க" என்றேன்.

உட்கார்ந்து, இரண்டாம் முறையும் சோறு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.